ஓட்ட வீராங்கனையும் முக்கோணக் காதலும்: நகைச்சுவைப் படம் எழுதுவோரும் எடுப்போரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரு விளையாட்டு வீராங்கனை. அவர் மனம் இரண்டு பேர் பக்கம் சாய்கிறது. படம் சிரிக்க வைக்க வேண்டும். இந்த ஒன்லைனோடு திரைக்கதை எழுத உட்காருபவர்களுக்கும், எழுதியதைப் படமாக்கப் போகிறவர்களுக்கும் எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்: நாயகி 400 மீட்டர் ஓடுகிறவர். வேறு விளையாட்டு என்றால் எண்களும் விதிகளும் மாறும், வேலை செய்யும் முறை மாறாது.

எந்த விளையாட்டைத் தேர்ந்தெடுப்பது?

மூன்று விஷயங்களைப் பாருங்கள். யார் முந்துகிறார், யார் பிந்துகிறார் என்பது விளக்கம் இல்லாமலே புரிகிறதா? கதாபாத்திரங்களைச் சேர்த்து வைக்கவும் பிரித்து வைக்கவும் அந்த விளையாட்டிலேயே காரணம் இருக்கிறதா? உங்கள் நடிகை மூன்று மாதத்தில் நம்பும்படி அதைக் கற்றுக்கொள்ள முடியுமா?

400 மீட்டர் மூன்றிலும் தேறும். ஒரே சுற்று, கடைசி வரை அவரவர் தடம். உலகத்தரமான பெண்கள் 50 நொடியை ஒட்டி முடித்துவிடுவதால், முழுப் பந்தயத்தையும் வெட்டிச் சுருக்காமல் நிஜ நேரத்திலேயே திரையில் காட்டலாம். டென்னிஸில் நடிகையின் சர்வீஸ் முதல் ஷாட்டிலேயே காட்டிக்கொடுத்துவிடும். ஜிம்னாஸ்டிக்ஸில் டூப் இல்லாமல் ஒரு அடி நகர முடியாது. நீச்சலில் தொப்பியும் கண்ணாடியும் முகத்தை மறைப்பதால் டூப் போடுவது சுலபம், ஆனால் நாயகியின் முகபாவம் தண்ணீருக்குள் போய்விடும். கால்பந்து என்றால் 22 பேரை ஒவ்வொரு ஷாட்டிலும் சரியான இடத்தில் நிறுத்த வேண்டும். சிறிய பட்ஜெட்டுக்கு அது ஆகாது.

முக்கோணத்தின் மற்ற இருவர் யாராக இருக்கலாம்?

வழக்கமான அமைப்பு, ஒருவர் விளையாட்டுக்கு உள்ளே, இன்னொருவர் வெளியே. நாயகி இங்கே எப்படிப்பட்ட வாழ்க்கை வேண்டும் என்றும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கிறார். அதனால்தான் இந்த அமைப்பு பலமாக நிற்கிறது. கெட்டுப்போகும் இடம் ஒன்றே ஒன்று. வெளியே இருப்பவர் நாற்பதாவது பக்கத்தில் “எனக்காக இதை விட்டுவிடக் கூடாதா?” என்று கேட்கிற ஆளாக மாறிவிடுவார். அந்த வசனம் வந்த நிமிடமே பார்வையாளர் அவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள், போட்டி முடிந்துவிடும். அவருக்கும் அதே அளவு கெடுபிடியான வேலை ஒன்றைக் கொடுங்கள். இரவுப் பணி மருத்துவர் என்று வைத்தால், இரவு ஒன்பதரைக்கு அவர் வேலைக்குக் கிளம்பும்போது நாயகி தூங்கப் போகிறார், காலை ஏழரைக்கு அவர் திரும்பும்போது நாயகி மைதானத்தில் இருக்கிறார். குற்றம் யார் மேலும் இல்லை, நேரம் மட்டும் ஒத்துவரவில்லை. ரொமான்டிக் காமெடிக்கு இதைவிட நல்ல தடை கிடைக்காது.

இரண்டாவது அமைப்பு, இருவரும் உள்ளே. இதற்கு 4×400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டம் (இரண்டு ஆண், இரண்டு பெண், ஆளுக்கு ஒரு சுற்று) அருமையாகப் பொருந்தும். 2019 உலக சாம்பியன்ஷிப்பில் அறிமுகமானபோது எந்த வரிசையிலும் ஓடலாம் என்றிருந்தது. பிறகு ஆண், பெண், ஆண், பெண் என்ற வரிசை கட்டாயமானது. நாயகியை இரண்டாவது சுற்றில் நிறுத்துங்கள். ஒருவரிடமிருந்து பேட்டனை (கையில் பிடித்து ஓடும் சிறு குழாய்) வாங்கி இன்னொருவரிடம் கொடுக்க வேண்டும், அதைத் தினமும் பயிற்சி செய்யவும் வேண்டும். 4×100-ல் வாங்குபவர் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டுவார். 4×400-ல் வருபவர் களைத்து வருவதால் எந்த வேகத்தில் வருகிறார் என்று கண்ணால் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பேசிக்கொள்ளாத இருவர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே தீர வேண்டும் என்று விளையாட்டே சொல்லும்போது, காட்சியை நீங்கள் வலிந்து உருவாக்க வேண்டியதில்லை.

போட்டியாளர்கள் இருவரையும் வேலையால் கட்டிப்போடுவது பலன் தரும் என்பதற்கு 1988-ல் வந்த பேஸ்பால் படம் ‘புல் டர்ஹம்’ நல்ல சான்று. அதில் அனுபவம் மிக்க கேட்சரின் (வீசப்படும் பந்தைப் பிடிப்பவர்) பொறுப்பே ஓர் இளம் பந்துவீச்சாளரைப் பக்குவப்படுத்துவதுதான். இருவர் கண்ணும் ஒரே பெண் மேல் இருந்தாலும் ஒருவரை ஒருவர் தவிர்க்க வழியில்லை. இயக்குநர் ரான் ஷெல்டன் மைனர் லீக்கில் (முதன்மை லீக்குக்குக் கீழ்நிலைப் போட்டிகள்) பேஸ்பால் ஆடியவர் என்பதால் அந்த உறவின் நுணுக்கம் அவர் கைக்கு எளிதாக வந்தது.

பயிற்சியாளரை மூன்றாவது ஆளாக வைக்கலாமா?

வேண்டாம். அணியில் யாருக்கு இடம் என்று முடிவு செய்பவர் அவர். அதிகாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்போது நாயகி சரி என்று சொல்வதற்கு மதிப்பில்லை. பல விளையாட்டு அமைப்புகளின் நடத்தை விதிகளும் இத்தகைய உறவைத் தடுக்கின்றன. காமெடி செத்துப்போய் அது வேறு படமாகிவிடும்.

சிரிப்பு எங்கிருந்து வர வேண்டும்?

நாயகியின் கால அட்டவணையிலிருந்து. நாயகியின் உடம்பைக் கேலி செய்வது, அவர் சாப்பிடும் அளவைக் கேலி செய்வது, “ஆண் மாதிரி இருக்கிறாள்” என்ற வகை வசனம், இவை எல்லாம் பழைய சோம்பேறித்தனம். எழுதிய பிறகு தேடிப் பிடித்து வெட்டுங்கள்.

எழுதத் தொடங்கும் முன் ஒரு தாளில் நாயகியின் ஒரு வாரத்தை மணிக்கணக்கில் போடுங்கள். காலை எழுந்ததும் நாடித்துடிப்பு பார்ப்பது, முக்கால் மணி நேர வார்ம்-அப், 300 மீட்டர் மூன்று முறை (ஒவ்வொன்றுக்கும் நடுவில் எட்டு முதல் பத்து நிமிட ஓய்வு, மூன்றாவது முடிந்ததும் வாந்தி வருவது சகஜம்), பகல் தூக்கம், மாலையில் எடைப் பயிற்சி, பிசியோ, 10 முதல் 15 டிகிரி குளிர்நீரில் பத்து நிமிடம், இரவு ஒன்பதரைக்குப் படுக்கை. இதன் மேல் இன்னொரு நிறத்தில் இரண்டு ஆண்களின் வாரத்தையும் எழுதுங்கள். மூன்றும் மோதும் இடங்களில் வட்டம் போடுங்கள். அந்த வட்டங்கள்தான் உங்கள் காமெடி சீன்கள். முதல் முத்தத்துக்கு நடுவில் அலாரம் அடிப்பது பொதுவான ஜோக். முதல் டேட்டுக்கு இருவரில் ஒருவர் தேர்ந்தெடுத்த மலைப்படிக்கட்டை, காலையில் 300 மீட்டர் மூன்று முறை ஓடிய நாயகி பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்குவது இந்தக் கதைக்கு மட்டுமே உரிய ஜோக்.

ஊக்கமருந்துச் சோதனையைக் காமெடிக்குப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. இந்தக் கதைக்கென்றே எழுதி வைத்தது போன்ற விதிமுறை அது. பலர் அதைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் வீணடிக்கிறார்கள்.

சோதனைப் பட்டியலில் இருக்கும் முன்னணி வீரர்கள், ஒவ்வொரு நாளும் இரவு எங்கே தங்குகிறார்கள் என்பதையும், காலை 5 மணிக்கும் இரவு 11 மணிக்கும் இடையில் ஏதாவது ஒரு 60 நிமிடம் எந்த முகவரியில் கட்டாயம் இருப்பார்கள் என்பதையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். முன்னறிவிப்பு இல்லாமல் அதிகாரி வரலாம். அந்த ஒரு மணி நேரத்தில் ஆள் இல்லை என்றால் ஒரு தவறு. 12 மாதத்துக்குள் இப்படி மூன்று தவறு சேர்ந்தால் ஊக்கமருந்து எதையும் தொடாதவரும் தடைக்கு ஆளாகலாம். வழக்கமான தண்டனை இரண்டு ஆண்டு. கவனக்குறைவின் அளவைப் பொறுத்து ஓராண்டு வரை குறையும்.

இங்கே பொதுவாக நடக்கும் பிழை, முதல் தவறிலேயே நாயகியைத் தடை செய்துவிடுவது. விதி தரும் மூன்றையும் பயன்படுத்துங்கள். முதலாவது சிரிப்பு, இரண்டாவது பதற்றம், மூன்றாவது வந்துவிடுமோ என்ற பயத்திலேயே கடைசி அரை மணி நேரம் ஓடும்.

60 நிமிடம் தொடங்கும் வரை முகவரியைக் கைப்பேசியிலேயே மாற்றலாம் என்பது இன்னொரு வரம். ஆறு மணிக்குத் தொடங்கும் நேரத்துக்கு, காலை 5:58-க்கு நாயகி முகவரியை மாற்றுகிறார். எனவே அதிகாரி மணி அடிப்பது மருத்துவர் வீட்டு வாசலில். அந்த முகவரியை அணி மேலாளர் சத்தமாக வாசிக்கிறார், பக்கத்தில் நிற்பவர் தொடர் ஓட்டத் தோழர். ஒரு ரகசியம் இவ்வளவு அலுவல் முறைப்படி அம்பலமாவது வேறு எந்தக் காதல் கதையிலும் நடக்காது.

பந்தயம் முடிந்த பிறகு நடக்கும் சோதனையும் பயன்படும். அறிவிப்பு கொடுத்த நொடியிலிருந்து சோதனைப் பணியாளர் ஒருவர் வீராங்கனையைக் கண்ணை விட்டு அகல விடமாட்டார். பேட்டி கொடுக்கலாம், பதக்க மேடை ஏறலாம், ஆனால் அவர் கூடவே இருப்பார். ஆக, காதலைச் சொல்ல ஓடி வருபவர் முன்பின் தெரியாத ஒரு பெண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும். கொடுக்க வேண்டிய சிறுநீர் குறைந்தது 90 மில்லி. ஓடி வியர்த்த உடம்பில் அது சேர ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். காத்திருக்கும் அறையில் தண்ணீர் பாட்டில்களோடு உட்கார்ந்திருக்கும் அந்த நேரம் நல்ல உரையாடல் சீனுக்கு இடம். ஆனால் மாதிரி கொடுக்கும் நிமிடத்தை ஜோக் ஆக்காதீர்கள். அதே பாலினத்தவர் ஒருவர் நேரே பார்த்துக்கொண்டிருக்க நடப்பது அது, வீராங்கனைகளுக்குக் கூச்சமான விஷயம்.

காயம் பட்டு ஓய்வெடுப்பதாக எழுதினால் எத்தனை நாள் காட்ட வேண்டும்?

ஓட்டக்காரர் என்றால் தொடையின் பின்தசையைத் தேர்ந்தெடுங்கள், அதுதான் நம்பும்படி இருக்கும். லேசான இழுப்பு என்றால் ஒன்று முதல் மூன்று வாரம். பாதி கிழிசல் என்றால் நான்கு முதல் எட்டு வாரம். முழுக் கிழிசல் என்றால் பல மாதம், சிலருக்கு அறுவை சிகிச்சையும் உண்டு. காலில் அழுத்த எலும்பு முறிவு (தொடர் அழுத்தத்தால் வரும் சிறு விரிசல்) என்றால் ஆறு முதல் எட்டு வாரம் ஓட்டமே கிடையாது. முழங்காலில் ஏசிஎல் என்ற இணைப்பு நார் அறுந்தால் மீண்டும் களமிறங்கச் சராசரியாக ஒன்பது மாதம் பிடிக்கும், அதற்குள் உங்கள் கதையின் சீசன் முடிந்துவிடும்.

முக்கோணக் கதைக்குத் தோதானது ஐந்து வாரக் காயம். தூங்கும் நேரமும் ஓடும் நேரமும் திடீரென்று காலியாகி, இரண்டு பேருக்கும் நாயகியோடு இருக்க இடம் கிடைக்கிறது. யாரோடு இருக்கும்போது ஓட்டத்தை மறக்கிறார், யாரோடு இருக்கும்போது இன்னும் அதிகமாக நினைக்கிறார் என்பதை அப்போது காட்டலாம். ஆனால் ஐந்தாவது வாரமே இறுதிப் போட்டியில் வாழ்நாள் சிறந்த நேரத்தை ஓடவிடாதீர்கள். திரும்பி வந்த முதல் சில வாரங்களில் அதே தசை மீண்டும் கிழியும் ஆபத்து அதிகம். ஓடுகிறவர்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

திரைக்கதையில் எது எந்தப் பக்கத்தில் வர வேண்டும்?

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்று கொண்டால் 105 பக்கம் போதும். முதல் எட்டுப் பக்கத்தில் ஒரு பந்தயம், அதில் நாயகி தோற்கட்டும். முதல் ஆள் 12-க்குள், இரண்டாவது ஆள் 22-க்குள் வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு வருபவரைப் பார்வையாளர் மனம் ‘கூடுதல் ஆள்’ என்றே எடுத்துக்கொள்ளும். சோதனையில் முதல் தவறு 35 அளவில். இடைவேளையை ஒட்டி 52-ல், இருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டும். நாயகி பொய் சொல்லிக்கொண்டே இருக்கும் நிலை 60-ஐத் தாண்டினால் அவர் மேல் இருக்கும் பிரியம் கரையும். மீதி 45 பக்கமும் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்த நிலையில் நடக்கட்டும். எழுதக் கடினம், ஆனால் நல்ல காட்சிகள் அங்கேதான் இருக்கின்றன.

தேர்வு செய்யும் காட்சியும் இறுதிப் பந்தயமும் ஒன்றாக வரலாமா?

கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. சரியான ஆளைத் தேர்ந்தெடுத்த உடனே ஜெயித்தால், பதக்கம் காதலுக்குக் கிடைத்த பரிசு ஆகிவிடும். அத்தனை ஆண்டு உழைப்புக்கும் அர்த்தம் போய்விடும். பந்தயத்தின் நடுவே கூட்டத்தில் அவர் முகத்தைப் பார்த்ததும் வேகம் பிறப்பது இன்னும் மோசம். 400 மீட்டரின் கடைசி 80 மீட்டரில் கால் கல்லாகிவிடும், கூட்டத்தில் முகம் தேட யாராலும் முடியாது.

இரண்டையும் குறைந்தது எட்டுப் பக்கம் பிரித்து வையுங்கள். பந்தயத்துக்கு முந்தைய வாரமே முடிவைச் சொல்லிவிடுவது எங்களுக்குப் பிடித்த வழி. பிறகு பந்தயம் முழுக்க நாயகியுடையது. கலப்புத் தொடர் ஓட்டக் கதை என்றால், மறுக்கப்பட்டவரிடம் பேட்டனைக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிலையில் அணி ஓடும். அந்தக் கைமாற்றம் சுத்தமாக நடப்பது எந்த முத்தத்தையும்விட நெஞ்சைத் தொடும்.

மறுக்கப்படும் ஆளை வில்லன் ஆக்கினால் வேலை சுலபமாகிறதே?

சுலபமாகும், ஆனால் முக்கோணம் இருக்காது. ஒரு சோதனை செய்து பாருங்கள். கடைசி 15 பக்கத்தை மற்றவரைத் தேர்ந்தெடுப்பதாக மாற்றி எழுதுங்கள். முன்னால் இருக்கும் 90 பக்கத்தில் மூன்று, நான்கு சீனுக்கு மேல் திருத்தம் தேவைப்பட்டால், இரண்டாவது ஆளுக்கு நீங்கள் நியாயம் செய்யவில்லை. யாரையும் தேர்ந்தெடுக்காமல் விடுவதும் முடிவுதான், ஆனால் அதற்கான காரணம் நடுப்பகுதியிலேயே விதைக்கப்பட்டிருக்க வேண்டும்.

பந்தயக் காட்சியில் எழுத்தாளர்கள் செய்யும் பிழைகள் என்ன?

இரண்டாவது வாய்ப்பு கொடுப்பது. 2010 முதல் தடகளத்தின் தனி ஓட்டங்களில் ஒரு முறை முந்திக் கிளம்பினாலே வெளியேற்றம். துப்பாக்கி வெடித்த 0.1 நொடிக்குள் அசைந்தாலும் முந்தியதாகவே கணக்கு.

தடங்களை மறப்பது. 400 மீட்டரில் வெளித்தடத்தில் இருப்பவர் முன்னால் நிற்பது போலத் தெரிவார், வளைவுதான் காரணம். எட்டாம் தடத்தில் இருப்பவருக்குக் கடைசி வளைவு வரை யாரும் கண்ணில் படமாட்டார்கள், காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். எதிரியை முறைத்துப் பார்க்கும் ஷாட் வேண்டுமென்றால் நாயகியை நான்காம் தடத்திலும் எதிரியை ஐந்தாம் தடத்திலும் நிறுத்துங்கள்.

தொடர் ஓட்டத்தில் கைமாற்றப் பகுதி 4×400-க்கு 20 மீட்டர். பேட்டன் அந்தப் பகுதிக்குள் கை மாறியதா என்பதே கணக்கு, ஓடுபவரின் கால் எங்கே இருந்தது என்பது கணக்கில்லை. பேட்டன் கீழே விழுந்தால், தவறவிட்டவரே எடுத்துக்கொண்டு ஓடலாம், அணி அங்கேயே வெளியேற்றப்படுவதில்லை. க்ளைமாக்ஸில் அதை விழவைக்க ஆசைப்படுபவர்கள் ஒன்றை யோசியுங்கள். 400 மீட்டரில் மூன்று நொடி போனால் 20 மீட்டருக்கு மேல் போச்சு, எந்த நாயகியாலும் அதைப் பிடிக்க முடியாது.

கோட்டைத் தாண்டியதும் வசனம் பேச வைப்பதும் பிழை. இரண்டு நிமிடத்துக்கு மூச்சுதான் வரும், வார்த்தை வராது. படுத்துக் கிடக்கட்டும், பேசுகிறவர் வேறு யாராவது இருக்கட்டும்.

நடிகைக்கு எவ்வளவு பயிற்சி வேண்டும்?

குறைந்தது 12 வாரம், வாரம் நான்கு நாள். வேகம் வராது, அதை எதிர்பார்க்கவும் வேண்டாம். வர வேண்டியது மூன்று: வார்ம்-அப் அசைவுகள் தினசரிப் பழக்கம் போலத் தெரிவது, ஸ்டார்ட்டிங் பிளாக்கில் கால் வைத்து எழும் முதல் பத்து மீட்டர், நிமிர்ந்து ஓடும் தோரணை. காட்டிக்கொடுப்பவை: கை மார்புக்குக் குறுக்கே போவது, குதிகால் முதலில் தரையில் படுவது, தாடை இறுகுவது. முழுநீள ஓட்டத்துக்கு உண்மையான ஓட்டக்காரரை டூப்பாகப் போடுங்கள், உயரத்தைவிடக் காலின் நீளமும் முடியின் அசைவும் ஒத்துப்போக வேண்டும்.

படப்பிடிப்பில் 30 மீட்டர் முழுவேக டேக் அரை நாளைக்கு ஆறு, மிஞ்சினால் எட்டு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூன்று நிமிடமாவது விடுங்கள். லைட்டிங்குக்காக அரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டு “சட்டென்று ஒரு டேக்” என்று ஓடச் சொல்வதுதான் தொடைத்தசை கிழிய முதல் காரணம். உட்கார்ந்து எழுந்தால் மறுபடி 15 நிமிட வார்ம்-அப். இதை உதவி இயக்குநர் ஷெட்யூலிலேயே எழுதிவிட வேண்டும்.

ஓட்டத்தைப் படமாக்கக் கேமராவில் என்ன கவனிக்க வேண்டும்?

நொடிக்கு 24 ஃப்ரேமில், 180 டிகிரி ஷட்டரில் (ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒளி விழும் நேரத்தின் அளவு) கால்கள் மங்கும். 90 டிகிரிக்கு இறக்கினால் ஒவ்வொரு அடியும் தெளிவாகும், வேகமும் கூடுதலாகத் தெரியும். ஸ்லோ மோஷனைக் காதல் சீனுக்கும் பந்தயத்துக்கும் சேர்த்துச் செலவழிக்காதீர்கள், ஒன்றுக்கு மட்டும் வையுங்கள். ஃப்ளட்லைட்டின் கீழ் எடுத்தால் ஒளி துடிப்பதைச் சோதித்த பிறகே ஃப்ரேம் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் பழைய வகை விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும், அங்கே நொடிக்கு 120 ஃப்ரேமில் எடுத்தால் படம் மினுங்கும், 100 பாதுகாப்பு. 60 ஹெர்ட்ஸ் இடத்தில் 120 சரி.

கேமராவை இடுப்பு உயரத்துக்குக் கீழே வைத்து நீண்ட லென்ஸில் எடுத்தால் ஓட்டக்காரர்கள் நெருக்கமாகத் தெரிவார்கள். செயற்கைத் தடத்தில் கனமான வண்டி ஏறக் கூடாது, காற்று டயர் போட்ட சிறிய மின்வண்டிக்கு முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள்.

அரங்கம் நிறைந்த கூட்டத்துக்கு என்ன செய்வது?

200 ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகள் போதும். கேமராவை அசைக்காமல் வைத்து, அவர்களைப் பகுதி பகுதியாக இடம் மாற்றி உட்கார வைத்து எடுத்து, பிறகு ஒட்டலாம். ஒவ்வொரு முறையும் சட்டை, தொப்பி மாற வேண்டும், நிழல் ஒரே பக்கம் விழ வேண்டும். ஆகவே இதை இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்கத் திட்டமிடுங்கள்.

ஸ்கிரிப்டைப் படப்பிடிப்புக்கு முன் யாரிடம் காட்ட வேண்டும்?

இப்போது போட்டியிடும் ஓட்டக்காரர் ஒருவர், பிசியோ ஒருவர், தடகளப் போட்டி நடுவர் ஒருவர். “எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் மரியாதைக்கு நல்லா இருக்கு என்பார்கள். ஓட்டக்காரரிடம், இந்த வாரத்தில் நாயகி எந்த நாள் இவ்வளவு நேரம் விழித்திருக்க முடியாது என்று கேளுங்கள். பிசியோவிடம், எந்த சீனில் இந்தக் கால் இவ்வளவு வளையாது என்று கேளுங்கள். நடுவரிடம், எந்த இடத்தில் நீங்கள் சிவப்பு அட்டை காட்டியிருப்பீர்கள் என்று கேளுங்கள். மூவருக்கும் நேரத்துக்கான சம்பளத்தைக் கொடுத்து, டைட்டில் கார்டில் பெயரும் போடுங்கள்.